ஆணிக்கு நாலு விரல் கீழே

வேங்கிக்காலில் வீடு கட்டுகிறேன். வாடகை வீட்டிலேயே கடைசிவரை இருந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். அதைச் சொன்னபோதெல்லாம் நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். போன வாரம் வாசற்கால் நிறுத்தினார்கள். மாவிலை கட்டுவதற்காக மேல்சட்டத்தில் இரண்டு ஆணி அடித்துவிட்டு இறங்கிய தச்சர், கையில் மிஞ்சிய ஓர் ஆணியைக் காட்டி இது எங்கே என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. வாசற்காலில் என் காதுமடலுக்கு நேராக விரலை வைத்தேன்.

அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கயா? இந்த ஒசரத்துல அடிச்சா வர்றவன் போறவன் கண்ணுல குத்துமேம்மா. இன்னாத்துக்கு இது?"

உள்பக்கமாக அடியுங்கள் என்றேன். இந்த அம்மாவுக்குப் படிப்பு ஜாஸ்தி, அதனால் இப்படித்தான் என்கிற முகத்தோடு அவர் அடித்துவிட்டுப் போனார். புதுமரத்தில் பாதி இறங்கிய அந்த ஆணியின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லவேண்டியதை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் தோன்றியது.

இப்போது உங்களை 'நீங்கள்' என்று எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது 'நீ' என்றுதான் சொன்னேன். பிரசவ விடுதியில் எல்லோரையும் போல நானும் உங்களை 'ஆயா' என்று கூப்பிட்டேன். ஆயா, தண்ணி கொண்டா. ஆயா, படத்த அந்தப் பக்கம் பிடி. நீங்கள் என்னை 'அம்மா' என்றீர்கள், 'வாங்க' என்றீர்கள். பல்லில் பாதி இல்லாத, முதுகு லேசாகக் கூன் விழுந்த ஒருத்தி நிமிர்ந்து நிற்கிற ஒருத்தியை அம்மா என்று கூப்பிடுவதில் அன்றைக்கு எங்கள் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

நான் இந்த ஊருக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். சென்னையில் மனையியல் படித்து, அதிலேயே சத்துணவைப் பற்றி மேற்படிப்பும் படித்து, ஒரு சத்துணவுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஒரு பெட்டி நிறையச் சுருட்டிய படங்கள். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த விடுதிக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் கர்ப்பிணிகள் வருவார்கள். நான் சுவரில் படத்தை மாட்டுவேன். பால், முட்டை, கீரை, பருப்பு. கர்ப்பிணி இரண்டு பேருக்காகச் சாப்பிட வேண்டும் என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி முதல் நாளே என்னை மடக்கினாள். "ஒருத்திக்கே இல்ல, இதுல ரெண்டு பேருக்கு எங்கிருந்துமா துன்றது? அந்தப் படத்த குடுத்துட்டு போங்க, கரைச்சி குடிக்கறோம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் படத்தம்மா என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் சாப்பிடாததற்கு இல்லாமை மட்டும் காரணமாக இருக்கவில்லை. எட்டாம் மாதம் தொட்டதும், இருக்கிற வீட்டில்கூடச் சோற்றைக் குறைத்தார்கள். பிள்ளை சின்னதாக இருந்தால்தான் சுலபமாக வெளியே வரும் என்றார்கள். நான் என் நோட்டில் 'மூடநம்பிக்கை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இடுப்பெலும்பின் படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கினேன். நீங்கள் பினாயில் வாளியோடு பின்வரிசைக்கு அப்பால் குந்தித் தரை துடைத்துக்கொண்டிருப்பீர்கள். இடுப்பெலும்புப் படம் வந்தால் மட்டும் உங்கள் கை நிற்கும்.

உங்கள் ஆணியை நான் இரண்டாவது மாதத்தில்தான் கவனித்தேன். பரிசோதனை அறை வாசற்காலில், உள்பக்கமாக, என் காதுமடல் உயரத்தில் துருப்பிடித்த ஓர் ஆணி. புதிதாக வருகிற ஒவ்வொருத்தியையும் அங்கே நிறுத்துவீர்கள். "செருப்ப கழட்டு. கொண்டைய அவுத்துட்டு நில்லு." ஒரு பார்வை. தலை ஆணியைத் தொட்டால் உள்ளே அனுப்பிவிடுவீர்கள். தொடாவிட்டால் நர்சம்மாவின் காதருகே போய் "வேலூரு" என்று ஒரே வார்த்தை. நர்சம்மா சீட்டில் ஒரு குறி போடுவார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அந்தப் பெண் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

நர்சம்மாவைக் கேட்டேன். "அது அவ கணக்கு. எனக்கும் புரியாது. நான் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சி வெச்சிருந்தா" என்றார். நான் விடவில்லை. ஆணிக்குக் கீழே இருந்தும் இதே விடுதியில் சுகமாகப் பெற்றுக்கொண்டு போனவர்கள் இருப்பார்களே, அவர்களை யார் எண்ணினார்கள் என்று உங்களிடமே கேட்டேன். படித்தவள் கேட்கிற நியாயமான கேள்வி. இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான். நீங்கள் துடைப்பத்தைத் தட்டியபடி சொன்னீர்கள்: "நீங்க எண்ணுங்கம்மா. இங்கருந்து பொணமா தூக்கிக்கினு போனவங்கள மட்டும்தான் நான் பாத்தேன்."

நம் இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்தது ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில். என் டிபன் பாக்ஸில் அரிசி அப்பளம் இருந்தது. ஒன்றை நீட்டினேன். பல் இல்லை என்று நனைத்துத் தின்றீர்கள். உன் வயசு என்ன ஆயா என்று கேட்டேன். விக்கிரம வருஷம் தை மாசம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அது எத்தனை வருஷமோ எனக்கென்ன தெரியும் என்றீர்கள். என் ஜாதகத்திலும் விக்கிரம வருஷம்தான். நான் புரட்டாசி. உங்களைவிட நாலு மாதம் மூத்தவள். இதைச் சொன்னதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "அப்ப நீங்கதான் எனக்கு ஆயா."

நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான், கேட்கக் கேட்க, துண்டு துண்டாகச் சொன்னீர்கள். எட்டு வயதில் அம்மாவோடு அரிசி மில்லுக்குப் போனது. அவித்த நெல்லைச் சூட்டோடு கூடையில் வாரித் தலையில் வைத்துக் களத்துக்குக் கொண்டுபோனது. வீட்டில் நைனாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் எது இருந்ததோ அது. உமி எரிகிற புகையில் பதினேழு வருஷம். பதினாலு வயதில் கல்யாணம். முதல் இரண்டும் தங்கவில்லை; இரண்டுமே நிறைமாதத்துப் பிள்ளைகள், வரமாட்டாமல் செத்துப் பிறந்தவை. மூன்றாவது அஞ்சலை. அவள் எட்டாம் மாதத்திலேயே, கைக்குள் அடங்குகிற அளவில் வந்துவிட்டாள். "சின்னதா வந்ததால பொழச்சோம், நானும் அவளும்" என்றீர்கள். "நானே ஆணிக்குக் கீழதாம்மா."

என் நோட்டில் அடிக்கோடு போட்டிருந்த வார்த்தையை அன்று மாலை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அழிக்கவில்லை. பார்த்தேன், மூடிவிட்டேன்.

அஞ்சலையைச் செங்கம் பக்கம் கொடுத்திருந்தீர்கள். மாப்பிள்ளை கடலைக்காய்க் கொல்லையில் கூலி. தலைப்பிரசவத்துக்கு அவள் உங்களிடம் வந்தபோது பதினெட்டு வயது. சந்தின் கடைசியில் இருந்த உங்கள் ஒற்றை அறையில் அவளுக்கு நீங்கள் தினம் ஒரு முட்டை கொடுத்தீர்கள். முருங்கைக்கீரை, பருப்பு. எட்டாம் மாதமும் குறைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் உங்களைப் பிடித்துக்கொண்டார்கள்: ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு இது தெரியாதா, பெரிய பிள்ளையைப் பெண் எப்படி வெளியே தள்ளுவாள் என்று. "படத்தம்மா சொன்னாங்க" என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னதாக நர்சம்மா எனக்குச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை மாதத்தில் என் படத்தைப் பார்த்து ஒரே ஒரு வீட்டில் சோறு கூடியிருக்கிறது.

இனி எழுதுவதுதான் நான் எழுத வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நமக்குள் ஒரு சண்டை. நீங்கள் "வேலூரு" என்று சொன்ன ஒரு பெண், பயந்துபோய், அடுத்த வாரம் வரவேயில்லை. நான் எல்லோர் முன்னாலும் உங்களைக் கடிந்துகொண்டேன். ஆணியை வைத்து ஜோசியம் சொல்லாதே என்றேன். "ஜோசியம்னா தட்சணை வெக்கணும், வெச்சிட்டு பேசுங்க" என்று நீங்கள் சிரிப்பாக்கிவிட்டு நகர்ந்தீர்கள். ஆனால் காது சிவந்திருந்தது.

பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். முந்தின நாள்தான் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், தலையில் உயரமாகக் கொண்டை, அதைச் சுற்றிக் கனகாம்பரமும் மல்லிகையும். நர்சம்மாவிடம் காட்டி ஆசீர்வாதம் வாங்க அழைத்து வந்திருந்தீர்கள். நர்சம்மா விளையாட்டாகச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் ஆணி வெக்கற, உன் பொண்ண நிறுத்து பாக்கலாம்."

"எம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு ஆணி? இடிக்கப் போறா பாருங்க" என்று நீங்கள் அவளை நிறுத்தினீர்கள். பூ ஆணியில் பட்டது. "பாத்தீங்களா?" என்று கையைத் தட்டினீர்கள்.

கொண்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த வாசற்காலில் நின்ற எல்லாப் பெண்களிடமும் சொன்னதை உங்கள் மகளிடம் சொல்லவில்லை. வளைகாப்புப் பூவை எந்தத் தாய் அவிழ்க்கச் சொல்வாள்?

நான் மூன்றடி தள்ளி நின்று படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. அஞ்சலையின் உச்சந்தலை ஆணிக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருந்தது. மேலே இருந்ததெல்லாம் கொண்டையும் பூவும்.

நான் பார்த்தேன். சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அந்த ஆணிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். காலையில்தான் அதை ஜோசியம் என்று சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பன்னிரண்டு வருஷமாகத் தேடிவிட்டேன்.

ஒன்பதாம் மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. எட்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. சேதி கேட்டு நானும் வந்துவிட்டேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தலை இறங்கவில்லை. நர்சம்மா உள்ளேயிருந்து வந்து கை கழுவினார், வேண்டிய அளவுக்கு மேல் நேரம் கழுவினார். பிறகு உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஜீப் இருக்குதா?"

ஜீப் இல்லை. படப்பெட்டியோடு நான்தான் அதைக் காலையில் வேட்டவலத்துக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு மணிக்கு முன்னால் வராது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார் பார்க்க ஓடினேன். ஒன்று கல்யாணத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றின் டிரைவர் வேலூர் என்றதும் நின்றான், நிறைமாசக்காரி என்றதும் நகர்ந்தான். வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றான். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது நீங்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே உங்கள் மகளின் குரல். வெளியே நீங்கள், சுத்தமான தரையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு. ஆயா, கொஞ்சம் உட்காரு என்றேன். உட்காரவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நானும் பின்னால் வந்தேன்.

வியர்வையில் நனைந்து கிடந்த அவள் கொண்டையை அவிழ்த்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினீர்கள். உங்கள் கை அவள் உச்சந்தலையில் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வாசற்காலைப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜீப் இரண்டே காலுக்கு வந்தது. பின்சீட்டைக் கழற்றிப் பாய் போட்டுக் கிடத்தினோம். நர்சம்மா வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, போங்க என்றார். நான் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் பின்னால் அவள் காலைத் தாங்கிக்கொண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் ஓர் ஒலி எழுப்பினாள். அது கத்தலாக இல்லை, கத்துவதற்குத் தெம்பில்லாத ஒலி. டிரைவர் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார் என்பதை நான் போளூர் தாண்டித்தான் கவனித்தேன்.

போளூருக்கு அப்பால் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கிப் போய்க் கேட்டேன். கூட்ஸ் வண்டி வருகிறது, திறக்க முடியாது என்றார் கேட்காரர். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவர், அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில். இரண்டு பக்கமும் கடலைக்கொல்லை. வண்டி வருகிற சத்தம் எங்கேயும் இல்லை. நான் பின்பக்கம் வந்து நின்றேன். அஞ்சலை கண்ணை மூடிக்கிடந்தாள். அவள் மூச்சை நீங்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் நல்லா சாப்பிடச் சொன்னதாலயா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? மகளுக்காகப் பயந்துகொண்டிருந்த ஒருத்தியிடம் போய் எனக்கு மன்னிப்புக் கேட்டேன்.

நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "இது நீங்க சொல்லி அவ துன்ன சோறு இல்லீங்க. அஞ்சி வயசுல அவ துன்னாத சோறு." அவள் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு: "மூணு வயசுல அம்மை போட்டுது. அதுலருந்து கூழு, கூழு, கூழு. நான் மில்லுல கெடந்தேன். வீட்ல அவளுக்கு யாரு இருந்தா?"

அப்புறம் வண்டி வந்தது. எத்தனை பெட்டி என்று நான் எண்ணினேன். எண்ணிக்கை இப்போது நினைவில்லை, எண்ணியது நினைவிருக்கிறது.

வேலூரில் அவளை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் சேதி வந்தது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் இருந்தன. இன்னொரு பிள்ளை இவளுக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். நீங்கள் காரிடாரில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு முதல்முறையாக அந்த இருமலைக் கேட்டேன், நெஞ்சுக்கூட்டையே பெயர்த்தெடுக்கிற இருமல். புழுதி போயிடுச்சிம்மா என்றீர்கள். நம்பினேன்.

ஊருக்குத் திரும்பியதும் டேப் எடுத்துப் போய் உங்கள் ஆணியின் உயரத்தை அளந்தேன். பிறகு என் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சிறுவயதில் வளர்ச்சி குன்றிய பெண்களின் இடுப்பெலும்பைப் பற்றி ஒரு பத்தி, உயரம் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்று ஓர் எண். உங்கள் ஆணிக்கும் அதற்கும் விரல்கடை வித்தியாசம்கூட இல்லை. பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. என் கோடுதான். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

படத்தில் கர்ப்பிணிக்கு முன்னால் ஐந்து வயதுப் பெண்குழந்தை வர வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். நம் திட்டம் கர்ப்பிணிகளுக்கானது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நானே வாசற்கால் பக்கத்தில் நின்றேன். நீங்கள் "வேலூரு" என்று சொன்னவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு ஒன்பதாம் மாதத்தில் ஜீப்பை அனுப்பினேன். அதைப் பற்றி நாம் இருவரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

எண்பதுகளில் உங்கள் மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் வாளி தூக்க முடியவில்லை. பிறகு சந்துமுனைவரை நடந்து வர மூன்று இடத்தில் நின்றீர்கள். நெஞ்சு நோய் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதுகிறவர் உங்களைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் வயது அறுபத்தைந்து என்று எழுதினார். நாற்பத்தாறு என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, உங்களுக்கு எத்தனைம்மா என்று என்னைக் கேட்டார். எனக்கும் அதேதான் என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் என் முந்தானையை இழுத்தீர்கள். "எழுதினது இருக்கட்டும்மா. கெழவின்னா சீக்கிரம் கூப்டுவாங்க." அந்தச் சீட்டில் அறுபத்தைந்து அப்படியே இருந்தது. மூச்சை அளந்து பார்த்த டாக்டரும் அந்த வயதை நம்பினார். உங்கள் நுரையீரல் அதை மறுக்கவில்லை.

என் நுரையீரலுக்கு நாற்பத்தாறுதான். விக்கிரம வருஷத்தில் நான்கு மாத இடைவெளியில் பிறந்த இரண்டு பேர். எனக்கு என் அம்மா பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்த வயதில் நீங்கள் சூடான நெல் சுமந்தீர்கள். இதைத் தவிர நம் இருவருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன மார்கழியில், நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பு, மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நீங்கள் கூரையைப் பார்த்தபடி, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "அன்னிக்கி நீங்க பாத்துனுதான இருந்தீங்க."

என்றைக்கு என்று கேட்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"படத்த சுருட்டிக்கினு இருந்தீங்க. கை நின்னுடுச்சி."

பன்னிரண்டு வருஷம். "ஏன் ஒருநாளும் கேக்கல?"

"கேட்டா நீங்க வர்றத நிறுத்திடுவீங்க." மூச்சு. "அப்பால அந்தப் பொண்ணுங்களுக்கு ஜீப்பு யாரு கொண்டாருவா?"

நான் மன்னித்துவிட்டாயா என்று கேட்கவில்லை. நீங்களும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அஞ்சலை குடத்தோடு உள்ளே வந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

விடுதியைப் பழுதுபார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன மாதம் போய்ப் பார்த்தேன். பழைய வாசற்கால் இல்லை. எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உயரம் பார்க்க இப்போது சுவரில் எண் எழுதிய பட்டை ஒட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். அளக்கிறார்களா என்று நின்று பார்த்தேன். நான் நின்ற நேரத்தில் இரண்டு பேரை அளந்தார்கள். இரண்டு பேருமே கொண்டையோடு நின்றார்கள். போய்ச் சொன்னேன். அந்தச் சின்ன நர்சு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்க மேடம் என்றாள்.

நேற்று அஞ்சலை உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தாள். பெண்ணுக்குப் பன்னிரண்டு. ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு. இன்னும் வயசுக்கு வந்து உட்காரவில்லை. ஆனால் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட வேண்டும் என்று செங்கத்தில் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளையின் அக்கா மகன் ஒருத்தன் தயாராக இருக்கிறானாம். இதை அஞ்சலை என்னிடம் சொன்ன விதத்தில் வருத்தமும் இருந்தது, பாதிச் சம்மதமும் இருந்தது. "நான் எவ்ளோதான்மா சொல்றது? அவங்க எல்லாம் ஒரு பக்கம் இருக்காங்க."

பெண் அறை அறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தலையில் கொண்டை, கனகாம்பரம். ஆணியைப் பார்த்துவிட்டு, இது எதுக்கு படத்தம்மா என்றாள். அந்தப் பெயர் அவளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

"கொண்டைய அவுத்துட்டு நில்லு" என்றேன். என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"பூ கசங்கிடுமே."

"கசங்கட்டும்."

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளே வந்து மகளின் பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பெண் முதுகை வாசற்காலில் ஒட்டி நின்றாள். நான் அவள் உச்சந்தலைக்கும் ஆணிக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

"எவ்ளோம்மா?" என்றாள் அஞ்சலை.

சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று வருஷம் வளர வயசு இருக்கிறது, சோறு குறையக் கூடாது, அதற்குள் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் அந்த மதியச் சாப்பாடும் நின்றுவிடும் என்றேன். செங்கத்துக்கு நானே வந்து பேசுகிறேன் என்றேன். எனக்கு அப்படிப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். கையில் படமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அவர்கள் போன பிறகு என் நாலு விரலையும் சேர்த்துப் பார்த்தேன். தடித்த விரல்கள், சின்ன வயதிலிருந்து நன்றாகச் சாப்பிட்ட விரல்கள். உங்கள் விரலால் அளந்திருந்தால் ஐந்து ஆகியிருக்கும். ஐந்து என்றே குறித்து வைத்திருக்கிறேன்.